சித்தப்பாவுக்கு அடித்த மணி

ஒருவர் இறந்துவிட்டாரா என்று தீர்மானிப்பதில் இரண்டு விதமாகத் தவறலாம். இருப்பவரைச் செத்தார் என்பது ஒன்று. செத்தவரை இருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் செய்திருக்கிறேன். அதுவும் ஒரே சித்தப்பாவுக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், முத்தியால்பேட்டையில், எங்கள் குடும்பத்திலேயே பிரெஞ்சுப் பள்ளியில் 'பிரெவே' பரீட்சை தேறியவன் நான் ஒருவன்தான். (அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.) சித்தப்பா நினைவிழந்து கிடந்தார். டாக்டர் ஊரில் இல்லை. மூச்சு நின்றதும் மாதா கோயிலில் சொல்லித் துக்க மணி அடிக்கச் செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

"அவசரப்படாதடா," என்றாள் சித்தி. "உசுரோட இருக்கார்னே வச்சுக்க. இல்லன்னு நல்லாத் தெரிஞ்சா மட்டும் போயி சொல்லு."

எனக்கா தெரியாது? மூக்கருகே கண்ணாடி பிடித்தால், மூச்சிருந்தால் ஆவி படியும். சிலுவைக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்திகளை ஒட்டி ஒரு கைக்கண்ணாடி இருந்தது. எடுத்துப் பிடித்தேன். படியவில்லை. மறுபடி பிடித்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கோயிலுக்கு ஓடினேன்.

ஆண்களுக்கு அடிக்கும் விதத்தில் மணி விட்டு விட்டு ஒலித்தது. மாலையோடு திரும்பினால், வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சித்தப்பா கண் திறந்திருந்தார்.

"யாரோ ஆம்பள போயிட்டாப்ல இருக்கே. யாருடா?"

மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"மாலை வாங்கிட்டியா? நம்ம சார்பா போட்டுட்டு வந்துடு," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதை எங்கே போய்ப் போடுவது? கடலில் போட்டேன்.

மெழுகுவர்த்திச் சூட்டில் காய்ந்த கண்ணாடியில் ஆவி எப்படிப் படியும் என்பது பிறகுதான் உறைத்தது. இனி அந்தத் தவறு நடக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் ஒரு காலையில் சித்தப்பா அசைவற்றுப் போனபோது, சோடாக்கடையில் மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி வாங்கி வந்து, கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குளிர்வித்துப் பிடித்தேன். உடனே ஆவி!

"இருக்கார் சித்தி!"

மதியமும் இருந்தார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது.

"கைய விடவே மாட்டேங்குறாருடா," என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம், மறுபடி ஐஸில் வைத்தெடுத்த கண்ணாடியைத் துடைக்க ஜன்னலருகே கொண்டுபோனேன். அங்கே யாரும் இல்லை. ஆவி படிந்தது. துடைத்தேன். மறுபடி படிந்தது.

கடற்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் நாள் முழுக்க மூச்சு விட்டிருக்கிறது. விறைத்த விரல்களிலிருந்து சித்தியின் கையை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அழுதேன். அன்று மணி அடித்தபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. (சாப்பிட்டு முடித்து, ஆற அமரத்தான் வந்தார்கள்.)

எங்கள் வீட்டில் யாராவது நெடுநேரம் தூங்கினால், "கண்ணாடியக் கொண்டாங்க" என்று இன்றும் கேலி செய்வார்கள். போன ஞாயிறு மத்தியானம் நான் அசந்துவிட்டேன். கண் திறந்தால் மூக்கருகே அதே கண்ணாடி. பிடித்திருந்தவள் என் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமே படியலீங்க."

"மெழுகுவர்த்திகிட்ட வச்சிருந்தியா?"

"இல்லியே. அலமாரிக்குள்ளதான் இருந்துச்சு."