நாலு உருளைக்கிழங்கும் என் ரோஷமும்

என் பெண்டாட்டி கோமுவை ஒரு மாசம் களக்காட்டுக்கு அனுப்புவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். அவள் தங்கச்சிக்குப் பேறுகாலம். வாஸ்தவம். ஆனால் எனக்குச் சோறு?

"ஏளா, நீ போயிட்டா நான் என்ன மண்ணையா திங்க?"

"அதான் போகலைனு சொல்லிட்டேம்லா," என்றாள் கோமு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேப்பர் வாங்க வந்து நின்ற பக்கத்து வீட்டு கிருபைராஜ் சாரிடம் திரும்பி, "பாவம் சார், எங்க அத்தானுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. பச்சப்பிள்ளை," என்றாள்.

கிருபைராஜ் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறிக்குழம்பு அவர் கைவண்ணம். அந்தத் திமிர்.

எனக்கு வந்ததே ரோஷம்! "வே, நாளைக்கு மத்தியானம் இங்கன வந்து சாப்பிடும். சமையல் நான்!"

எனக்கு ஒரு தைரியம் உண்டு. போன வருஷம், தொண்ணூற்றைந்தில், மச்சினன் மஸ்கட்டிலிருந்து ஒரு மைக்ரோவேவ் கொண்டுவந்திருந்தான். கோமு அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டி, தலையில் ஒரு பொம்மையை உட்கார்த்திவைத்திருந்தாள். பாளையங்கோட்டையில் அதற்குமேல் யார்தான் அதை என்ன செய்தார்கள்?

மறுநாள் பொம்மையை இறக்கினேன். மாமனார் சீராகக் கொடுத்த, அவர் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் நாலு உருளைக்கிழங்கை வைத்துப் பொத்தானை அமுக்கினேன். படபடவென்று பொறி பறந்தது. மனுஷன் தட்டில்கூட என்னிடம் சண்டைக்கு வந்தார்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கோமு, "என்ன அத்தான் சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சூடாகுது!"

"எவர்சில்வர் ஆகாதோ என்னமோ. பீங்கான் தட்டு அங்கன இருக்கு பாருங்க."

மாற்றி வைத்தேன். நாலாவது நிமிஷம், டமார்! ஒரு கிழங்கு வெடித்து, பெட்டி முழுக்க மாவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிருபைராஜ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே!

"தோல்ல நாலு குத்து குத்தணுமோ என்னமோ," என்றது வாசல் குரல்.

குத்தினேன். கிருபைராஜ்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் குத்தினேன். கிழங்கு பூவாக வெந்தது. பீன்ஸைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தேன், அதுவும் வெந்தது. சோறு குக்கரில். மூன்று விசில் எண்ணுவது ஒரு வேலையா?

கிருபைராஜ் மூன்று தடவை கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கெட்டிக்காரர்தான்வே நீரு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா? வருஷம் பூரா நானே சமைப்பேன்!"

"நீங்கதான் சார் சாட்சி," என்று சொல்லிவிட்டுக் கோமு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் துணிப்பெட்டி.

"ஏளா, எங்க கிளம்பிட்ட?"

"களக்காட்டுக்கு. மூணு மணிக்கு பஸ். உங்களுக்குத்தான் இனிமே சோத்துக் கவலையில்லையே அத்தான்."

"அதுக்கில்ல... மத்த காயெல்லாம் எத்தனை நிமிஷம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன்."

ஓடிப்போய்த் திறந்தேன். முப்பது நாளைக்கும் காய் எழுதியிருந்தாள். கத்திரிக்காய் அஞ்சு நிமிஷம், பூசணி ஏழு நிமிஷம், சேனை பத்து நிமிஷம். எல்லாம் குண்டு குண்டான கையெழுத்து.

மேலே தேதி போட்டிருந்தாள். எனக்கு ரோஷம் வந்த நாளுக்குச் சரியாகப் பத்து நாள் முந்தி.