ஒரு வேலிக்கு எத்தனை டீச்சர்?

எந்த நாட்டுக் கல்லூரியில் எத்தனை பெண்கள் பாடம் நடத்துகிறார்கள் என்ற கவலை, பூமியிலேயே ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் போன் பூத் வைத்திருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஐ.எஸ்.டி. பாய் என்றால்தான் தெரியும்.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கணவனிடம் இரண்டு நிமிடம் அழுதுவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களை, பாய் கண்ணாடிக் கதவருகிலேயே மறித்துவிடுவார்.

"அழறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேட்டுடும்மா. அங்க காலேஜுல பாடம் எடுக்கற பொம்பளைங்க எத்தன பேருன்னு."

"அவரு கொத்து வேல பாக்கறாரு பாய்!"

"கொத்து வேல பாத்தா கண்ணு தெரியாதா?"

பதில் பெரும்பாலும் 'நிறைய' என்றுதான் வரும். பாய் விடமாட்டார். "நெறையன்னா? ஒரு மா நடவுக்குக் காணுமா, ஒரு வேலிக்குக் காணுமா?" என்பார். பெண்கள் கூட்டமாக வேலை செய்து அவர் பார்த்தது நடவு வயலில்தான். அதனால் எத்தனை மா, எத்தனை வேலி நிலத்தில் நாற்று நட அவர்கள் போதும் என்று நில அளவிலேயே நாடுகளையும் ஒப்பிட்டார். சிங்கப்பூர் பத்து மா. மலேசியா ஒரு வேலி, அதாவது இருபது மா. குவைத்திலிருந்த செல்வம் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு கல்லூரி வாசலில் நின்று, மாணவிகளையும் அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களையும் சேர்த்து எண்ணினான், வாட்ச்மேன் துரத்தும்வரை. குவைத் மூன்று வேலிக்கு எகிறி முதலிடம் பிடித்தது.

நான் அப்போது கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்த அண்ணனோடு பேசப் போனபோது மனசு கேட்கவில்லை.

"ஆள மட்டும் எண்ணினா ஆச்சா பாய்? நூறு வாத்தியார்ல எத்தன பேர் பொம்பளைன்னு பாக்கணும்."

"எம்பொண்ணு நசீமாவும் இதயேதாம்மா சொல்லுது" என்றார் பெருமையாக.

"சரி, நம்ம நாடு எவ்வளவு?"

"நான் கண்ணால பாத்தது ரெண்டு. நீங்க ஒண்ணு, எம்பொண்ணு ஒண்ணு. நாத்தங்கால்ல ஒரு மூலைக்குக் காணாது."

நசீமா திருவாரூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தாள். வருகிற சம்பந்தமெல்லாம் 'கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும்' என்பதில் முட்டி நின்றன. உலகமெல்லாம் பெண்கள் செய்கிற வேலைதானே என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லத்தான் பாய் இத்தனை விசாரித்தார்.

மதியத்தில் பூத் காலியாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "மலேசியாவுல மழ பேயுதும்மா. பெரிய ஹாலு. ஒரு பொண்ணு போர்டுல எழுதிக்கிட்டிருக்கு. கையெல்லாம் சாக்பீஸ் மாவு..." அந்தப் பெண் நசீமா சாயலில் இருப்பாள் என்று கேட்காமலே தெரியும். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொக்கும். அந்த மழையில் நானும் கொஞ்சம் நனைந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

கடைசியில் மலேசியாவில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையின் சம்பந்தம் வந்தது. நிபந்தனை மட்டும் மாறவில்லை. அன்று பாய் தானே பூத்துக்குள் போய் நம்பரை அழுத்தினார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். தெருவே கேட்டது.

"மாப்ள, அங்க காலேஜுல பொம்பளைங்க பாடம் எடுக்கறாங்களா? ...நெறையாவா? அப்ப அந்த நெறையாவுல எம்பொண்ணும் ஒரு ஆளா இருக்கட்டுங்களா?"

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. வரிசையில் நின்ற பெண்கள் கதவருகே நெருங்கினார்கள். பிறகு, "சரிங்க மாப்ள... சரிங்க" என்று ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வேல பாக்கட்டும்னுட்டாரும்மா! மலேசியாவுல ஒண்ணு கூடுது." ஒரு விரலை நீட்டியவர், உடனே அதை மடக்கிக்கொண்டார். "நம்ம ஊர்ல ஒண்ணு கொறையுதே."

"நான் இங்கதான இருக்கேன் அத்தா" என்றேன், நசீமா கூப்பிடுகிற மாதிரி. அதுவரை அவரை நான் பாய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.