ஐரோப்பா எந்த நாற்காலியில் உட்காரும்?

"கூட்டம் நடத்து, வேண்டாங்கலை. ஆனா எந்த நிறத்து நாற்காலியில?" என்று கேட்டார் ஃபோட்டிஸ்.

இந்தக் கேள்வி வரும் என்று பான்டெலிஸுக்குத் தெரியும். தெரிந்தும் பதில் தயார் பண்ணிக்கொண்டு வராதது அவன் தப்புதான். கேட்டவர் அவனைப் பெற்ற அப்பா. சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் நீல நாற்காலிக் காபிக் கடை அவருடையது. மேற்குப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பச்சை நாற்காலிக் காபிக் கடை. அது ஸ்டமாட்டிஸுடையது. அவர் பான்டெலிஸின் மாமனார். நீலம் ஒரு கட்சி, பச்சை இன்னொரு கட்சி. நீலக் கட்சிக்காரன் ஒருத்தன் கால் வலிக்கிறதே என்று பச்சை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அவன் பேரன் கல்யாணத்திலும் ஊர் அதைச் சொல்லிக் காட்டும்.

ஊராட்சி எழுத்தர் பான்டெலிஸ் இரண்டு கடைக்கும் பொதுவான மனிதன். அதாவது, இரண்டு கடையிலும் காபி குடிக்க முடியாத மனிதன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனுக்கு வீட்டுக் காபிதான்.

அன்று காலை ஆபீசுக்கு போன் வந்திருந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் அப்போது இருந்த பன்னிரண்டு நாடுகளும் சும்மா கூட்டு வைத்துக்கொண்டிருந்தது போதும், ஐரோப்பா முழுக்க ஒரே கூட்டாட்சி நாடாகிவிடலாமா என்று ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கேட்கிறார்களாம். ஏதென்ஸிலிருந்து ரல்லூ என்கிற அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஒரே கூட்டம், ஒரே இடம், ஊரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

போனை வைத்தபோது பான்டெலிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐரோப்பா ஒன்றாக வேண்டும் என்று அவனுக்கு உள்ளபடியே ஆசை. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. மூன்று வயது மகள். இன்னும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் நடந்தால்தான் குழந்தைக்குப் பெயர். அதுவரை ராஜா வீட்டுப் பிள்ளையானாலும் பாப்பாதான். விருந்தை நீலக் கடையில் வைத்தால் பச்சை வராது. பச்சையில் வைத்தால் நீலம் வராது. பெயரிலும் அதே வம்பு. எவாந்தியா என்று தன் மனைவி பெயரை வைக்க வேண்டும் என்பார் ஃபோட்டிஸ். ஏன், கலியோப்பி என்ற என் மனைவி பெயருக்கு என்ன குறைச்சல் என்பார் ஸ்டமாட்டிஸ். இந்த இழுபறியில் பாப்பாவுக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பேச்சு வந்தது, வாய்த்துடுக்கும் வந்துவிட்டது. பாதிரியார் கிரிகோரிஸிடம் போய் நின்றால் அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "முதல்ல சம்பந்திங்க ஒத்துப்போகட்டும்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

பான்டெலிஸின் மனைவி ஆர்கிரோவுக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"இங்க பாரு பான்டெலி. ஞாயித்துக்கிழமை எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒரே இடத்துல உக்காரலைன்னா, திங்கட்கிழமை பஸ்ஸுல நானும் பாப்பாவும் ஏதென்ஸ் போறோம். அக்கா வீட்டோட இருந்துடுவேன். அங்க ஏதாவது ஒரு கோயில்ல பேரு வச்சுக்கறேன்."

"அப்ப நான்?"

"நீ இங்கயே இரு. நாற்காலிங்களுக்குப் பேரு வை."

அவள் சொன்னால் செய்துவிடுவாள். ஸ்டமாட்டிஸ் பெற்ற பெண் ஆயிற்றே.

ஆகவே பான்டெலிஸ் அப்பாவிடம் குழைந்தான். "நடுவுல மரத்தடியில போடலாம்ப்பா. பாதி நீலம், பாதி பச்சை. சரிபாதி."

"மரத்து நிழல் எந்தப் பக்கம் விழும்?"

"காலையில மேற்குப் பக்கம்."

"அதானே பார்த்தேன்! பச்சைக்காரன் நிழல்ல உக்காருவான், என் ஆளுங்க வெயில்ல வேகணுமா? இதைத்தான் உன் மாமனார் சொல்லிக் குடுத்து அனுப்பினாரா?"

சரி, கூட்டத்தைச் சாயங்காலம் வைத்துவிடலாம் என்று பான்டெலிஸ் எதிர்ப்பக்கம் ஓடினான். மாமனார் கேட்டுவிட்டு மீசையை முறுக்கினார்.

"சாயங்காலம் நிழல் உங்கப்பன் பக்கம் போயிடும். ஏன் மாப்பிள்ளை, எனக்கு என்ன சூரியன் எந்தப் பக்கம் போகும்னு தெரியாதா?"

"அப்ப கலந்து போடலாம் மாமா. ஒரு நீலம், ஒரு பச்சை, ஒரு நீலம், ஒரு பச்சை."

"என்னது? என் ஆளுக்கு ரெண்டு பக்கமும் நீலமா? சுத்தி வளைச்சுப் பிடிக்கப் பார்க்கறீங்களா?"

எதிர்வாடையிலிருந்து ஃபோட்டிஸின் குரல் வந்தது. "என் ஆளுக்கும் ரெண்டு பக்கமும் பச்சைதான்யா! அதுக்குப் பதில் சொல்லு!"

"யோவ் சம்பந்தி, உன்னை யாரு கேட்டா?"

"உன் தொண்டை ஏதென்ஸ் வரைக்கும் கேக்குதே!"

இப்படி இரண்டு வாசலிலும் ஆள் கூடிவிட்டது. கூடியவர்கள் சண்டையைப் பார்த்தபடி ஆளுக்கு ஒரு காபி சொன்னார்கள். சிலர் இரண்டாவதும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பான்டெலிஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து நாற்காலிகளைக் கொண்டுவந்து, கோயில் வேலிக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட்டை அடித்துவிட்டான். மஞ்சள் யாருக்கும் சொந்தமில்லை. வெள்ளிக்கிழமை மரத்தடியில் வரிசையாகப் போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை வந்து பார்த்தால், அதில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பகடை ஆட்டத்தில் தில்லுமுல்லு பண்ணி இரண்டு கடையிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள். நடுநாயகமாக லாம்ப்ரோஸ்.

"என்னடா லாம்ப்ரோ இது?"

"நாங்க மஞ்சள் கட்சி."

"அப்படி ஒரு கட்சியே கிடையாதுடா!"

"நாற்காலி இருக்கே! இத்தனை நாளா எங்களுக்கு உக்கார இடம் இல்லாமத்தான் கட்சி இல்லாம இருந்தோம். காபி எங்க?"

காபி கொடுக்காவிட்டால் நாளைக்கு ரல்லூ அம்மாளிடம், சிறுபான்மையினரைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று மனு கொடுக்கப்போவதாகவும் சொன்னான். பயந்துபோன பான்டெலிஸ் வீட்டுக்கு ஓடி ஆர்கிரோவைக் காபி போடச் சொன்னான். அவள் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். ஒரு தட்டில் ஆறு காபியை ஏந்திக்கொண்டு அவன் சதுக்கத்தைக் கடந்தபோது, இரண்டு கடை வாசலிலும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"மூணாவது கடையா?" என்று அலறினார் ஃபோட்டிஸ். "பெத்த பிள்ளையே அப்பன் வயித்துல அடிக்கிறானே!"

"என் பொண்ணு கையால போட்ட காபி!" என்று அங்கிருந்து ஸ்டமாட்டிஸ் மார்பில் அடித்துக்கொண்டார். "அதுவும் லாம்ப்ரோஸுக்கு! நாளைக்கு என் ஆளு ஒருத்தன்கூட வாசப்படி தாண்ட மாட்டான்!"

"என் ஆளும்தான்!" என்றார் ஃபோட்டிஸ்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ரல்லூ அம்மாள் வந்து இறங்கினார். நல்ல மனுஷி. ஐரோப்பாவையே ஒன்றாக்கக் கிளம்பியவருக்கு எங்கள் சதுக்கம் எம்மாத்திரம் என்றுதான் நினைத்திருப்பார். கிழக்கு வாசலில் நீலம் நிரம்பி வழிந்தது. மேற்கு வாசலில் பச்சை நிரம்பி வழிந்தது. நடுவே மஞ்சளில் ஆறு பேர். ஆர்கிரோ பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். மறுநாள் பஸ்ஸுக்காகப் பெட்டியை அவள் கட்டி வைத்துவிட்டதைப் பான்டெலிஸ் காலையில் பார்த்திருந்தான்.

"இந்தக் கண்டத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாடாகலாமா? உங்க கருத்தைத் தயங்காமச் சொல்லுங்க," என்றார் ரல்லூ, இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி.

ஃபோட்டிஸ் எழுந்தார். "தாராளமா ஆகலாம்! ஒரே நாடு, ஒரே சட்டம், சண்டையே இருக்காது. எங்களுக்குச் சம்மதம்." நீலக் கைகள் அத்தனையும் உயர்ந்தன.

"அப்ப எங்களுக்குச் சம்மதமில்லை!" என்றார் ஸ்டமாட்டிஸ். "பெரிய நாட்டுக்காரன் உக்காந்துக்கிட்டு, உன் காபியில எத்தனை கரண்டி சர்க்கரைன்னு சட்டம் போடுவான். நாம தலையாட்டணுமா?"

"அப்படியில்லைங்க. கூட்டாட்சின்னா சின்ன நாட்டுக்கும் சம உரிமை உண்டு. வீட்டு விஷயத்தை அவங்கவங்களே பார்த்துக்கலாம்," என்றார் ரல்லூ.

"சம உரிமையா? இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா! அப்ப எங்களுக்கும் சம்மதம்." பச்சைக் கைகள் உயர்ந்தன.

உடனே நீலக் கைகள் சடாரென்று இறங்கின. "அவனுக்குச் சம்மதம்னா இதுல ஏதோ சூழ்ச்சி இருக்கு," என்றார் ஃபோட்டிஸ். "எங்களுக்கு வேண்டாம்!"

ரல்லூ குறித்துக்கொண்டிருந்ததை அடித்தார். திரும்ப எழுதினார். திரும்ப அடித்தார். "நடுவுல இருக்கிறவங்க என்ன சொல்றீங்க?"

"இன்னிக்குக் காபி வரலை," என்றான் லாம்ப்ரோஸ். "வந்தாத்தான் கருத்து."

சதுக்கமே கொல்லென்று சிரித்தது. பான்டெலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மஞ்சள் நாற்காலி ஒன்றின்மேல் ஏறி நின்றான்.

"போதும்ப்பா! போதும் மாமா! எனக்கு ஐரோப்பா ஒண்ணாக வேண்டாம். பன்னிரண்டு நாடும் எப்படியோ போகட்டும். என் பொண்ணு நாளைக்கு பஸ் ஏறிப் போகப்போறா. அவளைக் கூப்பிடக்கூட எனக்கு ஒரு பேரு இல்லை. 'பாப்பா'ன்னு கத்தினா பஸ்ஸுல இருக்கிற எல்லாக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். என்ன பேரு வேணா வைங்க, எந்தக் கடையில வேணா சோறு போடுங்க. ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை ஒரே இடத்துல உக்காருங்க. எனக்கு அது போதும்."

ஃபோட்டிஸ் பகடைப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டமாட்டிஸ் காரணமில்லாமல் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் பாப்பா இருந்த பக்கமே திரும்பவில்லை. ஆர்கிரோவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ரல்லூ அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், பிள்ளை பெற்றவர் போலிருக்கிறது. பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"கண்ணு, உன் பேரு என்ன?"

"அவளுக்கு இன்னும்..." என்று பான்டெலிஸ் ஆரம்பிப்பதற்குள் பாப்பா பளிச்சென்று சொன்னது.

"வர்வாரா."

"என்னது? யாரும்மா உனக்கு அந்தப் பேரு வச்சது?" என்றாள் ஆர்கிரோ.

பாப்பா ஒரு கையை நீலக் கடைப் பக்கமும், இன்னொரு கையைப் பச்சைக் கடைப் பக்கமும் நீட்டியது. "ரெண்டு தாத்தாவும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

ஊரே பாதிரியாரைத் திரும்பிப் பார்த்தது. கோயில் படியில் உட்கார்ந்திருந்த கிரிகோரிஸ் மெல்ல எழுந்து நின்றார். தாடியைத் தடவக்கூட இல்லை.

"பான்டெலி, என்னை மன்னிச்சுக்கோ. முன்னொரு பனிக்காலம் குழந்தையைத் தாத்தாங்ககிட்ட விட்டுட்டுப் போன நீயும் ஆர்கிரோவும் டவுன்ல மாட்டிக்கிட்டீங்களே, பாதை அடைச்சுப்போய்? அப்ப குழந்தைக்குக் காய்ச்சல் எக்கச்சக்கமா ஏறிடுச்சு. நான் பனியில நடந்து வந்து சேர்றதுக்குள்ள, பிழைக்காதோன்னு பயந்துபோய் சம்பந்திங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே குழந்தையை உயரத் தூக்கி, ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம்கற ஞானஸ்நானத்தைக் குடுத்து, அன்னிக்குத் திருநாள் கண்ட புனித வர்வாரா பேரையே வச்சுட்டாங்க. காய்ச்சல் இறங்கினதும் மிச்சச் சடங்கை நான் கோயில்ல முடிச்சேன். ஞானஸ்நானத்தை ரெண்டாந்தரம் பண்ணக் கூடாது. அதனாலதான் நீ வந்து நின்னப்பல்லாம் நான் உள்ள ஓடினேன்."

"அப்புறம் ஏன் சாமி இதை மறைச்சீங்க?" பான்டெலிஸ் கேட்டதே பாதி அழுகையாகவும் பாதி சிரிப்பாகவும் வந்தது. "அன்னிக்கே ராசியாயிட்டாங்கன்னா, இத்தனை நாளா இந்தச் சண்டையெல்லாம்?"

பாதிரியார் இரண்டு கடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இவங்க ராசியாயிட்டது தெரிஞ்சா ஊருக்கு ஒரு கடையே போதும்னு ஆயிடும்ல? அதனாலதான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சதும் என் வீட்டுல உக்காந்து, அந்த வாரம் எதுக்குச் சண்டை போடலாம்னு ரெண்டு பேரும் ஒத்துமையாப் பேசி முடிவு பண்றாங்க."