தையலுக்கு விட்ட அங்குலம்

1. பெஞ்சு நடுவில் உடைந்தது. அப்போது அதன் மேல் உட்கார்ந்திருந்தது நான்.

2. மேசை உடையவில்லை. ஆனால் அதன் மேல் வைத்த ரசம் வைத்த இடத்தில் நிற்கவில்லை.

3. அலமாரியின் கதவு அழகாக மூடிக்கொண்டது. இன்றுவரை திறக்கவில்லை. உள்ளே என் குடை இருக்கிறது.

4. நாற்காலி மட்டும் நான் வரைந்த படத்தில் இருந்தபடியே இம்மி பிசகாமல் அமைந்தது. எங்களுக்கு நேர்ந்த ஆபத்துகளில் பெரியது அதுதான்.

சர்க்கார் ஆபீஸில் பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைகிறவள் நான். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். ஆனால் தையல் டீச்சரை எண்ணுக்குள் அடக்க முடியாது. மரத்துக்குத் துணி மாதிரி சாக் போட்டு, துணி மாதிரி வெட்டி, துணி மாதிரியே தைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த பெருமை எனக்கு உண்டு. முதுகில் ஒரு தழும்பும் உண்டு.

புதுக்கோட்டை மேல மூன்றாம் வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு எங்களுடையது. டீச்சர் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தார். கணவர் இறந்த பிறகு படித்து, தானாக வேலை தேடிக்கொண்டவர். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரம்மா, "வயசுப் புள்ளைக்குத் தனியா வீடு தர்றதில்ல. டீச்சரம்மா இருக்கிற வரைக்கும் நீயும் இருந்துக்க" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். அதாவது, டீச்சர் போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டீச்சரை அழைத்துப் போவதற்கென்றே ஒருவர் குடுமியான்மலையில் இருந்தார். அவருடைய அண்ணன். நல்ல மனுஷர், நல்ல சம்சாரி, நல்ல பருமன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு போதும் என்று பட்டால் தோளில் கிடக்கும் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் தீர்ப்பு சொல்லியாயிற்று. ஊரில் வரப்புத் தகராறே அப்படித்தான் தீருமாம். டீச்சர் எந்தப் பேச்சிலும் அண்ணன் எழுந்திருக்கும் முன் பாதியைத் தாண்டியதில்லை.

அந்தப் பொங்கலுக்கு முன்னால் வந்தவர் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், ஒரு தையல் மிஷின். மிஷின் ஸ்டூலில் உட்காரப் பார்த்து, அதன் அளவையும் தன் அளவையும் யோசித்து, நின்றுகொண்டே சொன்னார்.

"ஒக்கார ஒரு எடமில்ல. இது வீடாத்தா? சத்திரம். அறுப்பு முடியவும் வாரேன். அப்பவும் இப்பிடியே கெடந்துச்சுன்னா சாமானைக் கட்டு. ஊருக்குப் போயிருவோம்."

துண்டு உதறப்பட்டது. தீர்ப்பு முடிந்தது.

மறுநாளே ஆசாரியிடம் போனோம். ஒரு பெஞ்சு, ஒரு மேசை, ஓர் அலமாரி, ஒரு நாற்காலி என்று நான் வரிசையாகச் சொன்னேன். ஆசாரி முகம் மலர்ந்தது.

"சந்தோசம். கல்யாணம் எப்போ?"

"கல்யாணம் இல்லைங்க. ஒக்காரதுக்கு."

"ஒக்காரதுக்கா?"

"ஆமாங்க."

"சும்மாவா?"

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கட்டிலும் அலமாரியும் சீராகத்தான் வரும். கல்யாணமே இல்லாமல் ஒரு பெண் நாற்காலி கேட்டதை அவர் கேள்விப்பட்டதில்லை. "கூச்சப்படாமச் சொல்லுங்க. மாப்பிள்ளை எந்த ஊரு? கட்டிலையும் சேத்தே செஞ்சுருவோம்" என்றார். சாயந்தரம் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார். மாப்பிள்ளை எங்கள் இருவரில் யாருக்கு என்பதை மட்டும் வீதி இன்னும் முடிவு செய்யவில்லை.

கடையில் ஒரு நாற்காலி வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெடிமேடா?" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில், தீட்டுப் பட்டவள் மாதிரி நான் குளிக்கப் போய்விட்டேன்.

"பட்டுத் துணியையே பயமில்லாம வெட்டுறவ நானு. மரம் என்ன, வழுக்கவா போகுது? நீ படம் போடு, நா வெட்டுறேன்" என்றார். எனக்கும் ஆசை வந்தது. மாட்டுவண்டி ஏறும் பாலத்துக்குப் படம் போடுகிறவளுக்கு ஒரு பெஞ்சு எம்மாத்திரம்?

முதலில் பெஞ்சு. மளிகைக் கடையில் கள்ளிப்பெட்டிகளை வாங்கிப் பிரித்தோம். நான் ஆபீஸ் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் டீச்சர் செய்தித்தாளில் மாதிரி வெட்டி, அதைப் பலகை மேல் விரித்து, சாக்கால் கோடு போட்டு அறுத்து முடித்திருந்தார். மாதிரியை நேராக வைக்காமல் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏன் டீச்சர் கோணலா அறுத்தீங்க?"

"கோணல் இல்லத்தா, கிராஸ் கட். ஜாக்கெட்டைக் கிராஸ்ல வெட்டுனாத்தான் இழுத்துக் குடுக்கும், ஒடம்போட படியும். ஒக்கார்ற சாமானும் ஒடம்போட படியணும்ல?"

மரத்தின் ரேகைக்குக் குறுக்கே அறுத்தால் அது பிஸ்கட்டுக்குச் சமம் என்று நான் படித்திருந்தேன். ஆனால் என் கணக்குப்படி பலகையின் கனத்துக்கு அது தாங்கும் என்று பட்டது. பென்சிலால் கணக்கும் போட்டுக் காட்டினேன். "படிச்ச புள்ள, நீயே மொதல்ல ஒக்காரு" என்றார். பாரம் ஏறினால் ஒரு பாலம் எந்த இடத்தில் விட்டுப்போகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மிகச் சரியாக அதே இடத்தில்தான் விட்டது. படிப்பு வீண்போகவில்லை.

அடுத்தது மேசை. இந்தத் தடவை ரேகையோடு அறுத்தோம். நான்கு கால்களும் ஒரே உயரம் என்று நான் படத்தில் எழுதியிருந்தேன். டீச்சர் முதல் காலை அளந்து, தையலுக்கு ஓர் அங்குலம் விட்டு அறுத்தார். அந்தக் காலை மாதிரியாக வைத்து, தையலுக்கு ஓர் அங்குலம் விட்டு, இரண்டாவது கால். இரண்டாவதை வைத்து மூன்றாவது. மூன்றாவதை வைத்து நான்காவது.

"மரத்துக்கு எதுக்கு டீச்சர் தையல் விடணும்?"

"விடாம வெட்டுனா நாளைக்கு எப்பிடிப் பிரிச்சு விடுறது? கொஞ்சம் தாராளமா இருந்தா உள்ள மடிச்சு அடிச்சுக்கலாம்."

எதை எங்கே மடிப்பது என்று நாங்கள் நெடுநேரம் பார்த்தோம். கடைசியில் மேசையை அப்படியே நிமிர்த்தினோம். ஒரு மூலையில் வைத்த ரசம் எதிர்மூலையை நோக்கிப் புறப்பட்டது. மதகு கட்ட வேண்டிய சரிவு அது. நான் ஆயுள் முழுக்க வரைந்த மதகுகளில் ஒன்றுகூட அவ்வளவு நன்றாகத் தண்ணீரைக் கடத்தியிருக்காது.

அலமாரியில் பிழை முழுக்க என் படத்துடையது. மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் படத்தில் காட்ட வேண்டுமானால், விட்டு விட்டுப் போகும் சின்னச் சின்னக் கோடுகளால் காட்டுவது எங்கள் தொழில் முறை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தையல் படித்தவர்களுக்கு விட்டு விட்டுப் போகும் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே தை. டீச்சர் தைத்தார். கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நெருக்கமாக, அளவான இடைவெளியில், ஆணிகள். கதவைத் துளைத்துத் தட்டில் இறங்கிய ஆணிகள். ஆபீஸிலிருந்து வந்து நான் வாயடைத்து நின்றதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா, ஒரு தையல் வெலகல."

"கதவு எப்பிடித் திறக்கும் டீச்சர்?"

அவர் யோசித்தார். "அத நீ படத்துல போடலையே!" என்றார்.

காலையில்தான் குடையை அதற்குள் வைத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தேன்.

அறுப்பு முடியும் காலம் நெருங்கியது. மிச்சம் இருந்தது நாற்காலி ஒன்றுதான். அண்ணன் வந்தால் உட்கார வேண்டிய நாற்காலி. அது நின்றால் நாங்கள் இருவரும் நிற்போம். அது விழுந்தால் டீச்சர் குடுமியான்மலைக்கு, நான் எங்கள் அப்பா பார்த்து வைக்கும் ஏதோ ஓர் இடத்துக்கு. மில்லில் நல்ல பலாப் பலகை வாங்கினோம். நான் சட்டம் போட்டேன். கிராஸ் கிடையாது. ஆணி கிடையாது, ஒரு மரச்சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, அடுத்த சட்டத்தின் துளைக்குள் இறுக்கிச் சொருக வேண்டும். தையலுக்கு விடவே கூடாது. படத்தில் என்ன அளவோ அதுதான் அளவு.

அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆளைப் பார்க்காமல் அளவு சொல்வது டீச்சருக்குப் பிடிக்காது. அண்ணனுக்கு முன்பு எப்போதோ சட்டை தைத்த செய்தித்தாள் மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்தார். வேட்டியும் துண்டுமே போதும் என்று அண்ணன் சட்டையை விட்ட பிறகு, மாதிரியைத் திருத்த வாய்ப்பு வரவில்லை. அதை எடுத்துக் கொடுத்து, "இடுப்புக்கிட்ட ரெண்டங்குலம் விட்டுக்கத்தா. நாக்காலியோட கைக்கும் கைக்கும் நடுவுல" என்றார்.

"எதுக்கு?"

"வளரும்ல."

"வளர்ற வயசா டீச்சர் உங்க அண்ணனுக்கு?" என்று சிரித்தேன். பென்சிலைக் கூராக்கி, அந்த இரண்டு அங்குலத்தை நானே அடித்து நீக்கினேன். அண்ணனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருடைய பரப்பளவு எனக்குத் தெரியும். ஆனால் கையில் அளவு இருக்கும்போது கண்ணை நம்பக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தார், தோளில் ஒரு மூட்டை நிலக்கடலையோடு. மேசையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அலமாரியின் கதவை இழுத்தார். "பூட்டியிருக்குண்ணே" என்றார் டீச்சர். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"இது நல்லாருக்கே" என்று உட்கார்ந்தார்.

கொஞ்சம் நெருக்கித்தான் உட்கார்ந்தார். பலா மரம் ஒரு முனகல் முனகி அமைதியானது. ஆடவில்லை, அசையவில்லை, விரியவில்லை. எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. வாசற்பக்கம் வந்து நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தேன்.

"நாக்காலி இருக்கு, சரி" என்றார் அண்ணன். "ஆனா ஒரு நாக்காலி வீடாயிருமா? அங்கிட்டு ஒம் மதினி ஒத்தையில கெடந்து மாயுறா. சாமானைக் கட்டு, மத்தியான பஸ்ஸுக்கு." துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

நாற்காலியும் எழுந்தது.

உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அது மறுபடி கூடவே வந்தது. இரண்டு கைகளுக்கும் நடுவில், உறைக்குள் தலையணை மாதிரி, அண்ணன் பொருந்தியிருந்தார்.

"என்னாத்தா இது, புடிச்சுக்கிருச்சு?"

நான் உதவிக்கு ஓடினேன். டீச்சர் ஓடவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இருங்கண்ணே. நீங்க எப்பவும் எந்திரிச்சுருவீங்க. இன்னிக்கு நா முழுசாச் சொல்லிக்கிறேன்."

"மொதல்ல இத எடுத்து விடு!"

"எடுத்து விடுறேன். அங்க வந்தா என்னைய நல்லாத்தான் வச்சுக்குவீங்க. மதினியும் சொக்கத் தங்கம். ஆனா அது ஒங்க வீடு. அங்க நா ஒரு தட்டைத் தள்ளி வைக்கணும்னாலும் கேக்கணும். இந்தா இந்த மேசை கோணல். அலமாரி தெறக்காது. பெஞ்சு ஒடைஞ்சு இந்தப் புள்ள முதுகு கிழிஞ்சுபோச்சு. எல்லாங் கோணல்தாண்ணே. ஆனா எங் கோணல். எனக்கு இதுதான் வேணும்."

அண்ணன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். துண்டு தோளில் இருந்து நழுவி மடியில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஒக்கார எடமில்லன்னு ஒரு வார்த்த சொன்னேன்" என்றார் கடைசியில். "அதுக்கு எந்திரிக்கவே முடியாமப் பண்ணிட்டியேத்தா!"

வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் ரம்பத்தோடு வந்தபோதுதான் அண்ணன் பயந்து நான் பார்த்தேன். "ஏய், ஏய், ரம்பத்தக் கீழ போடு!" என்றார். நான் நாற்காலியின் ஒரு கைக்கு அடியில் அறுக்க வேண்டிய இடத்தைக் குறித்தேன். விட்டு விட்டு அல்ல, ஒரே முழுக் கோடாக. "வயித்த எக்கிக்கங்கண்ணே" என்று டீச்சர் அறுத்தார். நாக்கும் துளையும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மாட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் இணைப்புகளைப் பற்றி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

கை விழுந்தது. அண்ணன் எழுந்தார். நாங்கள் இருவரும் துண்டையே பார்த்தோம். அவர் அதை எடுத்து வேர்வையைத் துடைத்தார். அறுத்த பக்கமாகக் காலை நீட்டி, அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"காப்பி போடு" என்றார்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது சாமானைப் பற்றிப் பேச்சே இல்லை. வாசலில் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொன்னார்: "எந் தங்கச்சி வீடு. பாத்துக்கங்க."

இப்போதைய நிலவரம் இது. நாற்காலி ஒரு கையோடு மேல மூன்றாம் வீதியில் இருக்கிறது. அண்ணன் வந்தால் அவருக்கு, மற்ற நாட்களில் வீட்டுக்காரம்மாவுக்கு. மேசையின் தாழ்ந்த மூன்று கால்களுக்கும் அடியில் செங்கல். டீச்சர் அடுத்ததாகக் கட்டில் செய்கிறார் என்று கேள்வி. நான் மாற்றலாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். புறப்பட்ட அன்று எனக்கு இரண்டு முழங்காலிலும் டேப் வைத்து அளந்து, அவர் ஒரு ஸ்டூல் செய்து கொடுத்தார். உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் எட்டவில்லை. "ஒனக்குக் கொஞ்சம் விட்டுருக்கேன்த்தா. வளர்ற புள்ள" என்றார்.

நான் வளர்வது நின்று வெகுகாலம் ஆகிறது. ஸ்டூலின் காலை நான் இன்னும் அறுக்கவில்லை.