சம்சாரம் கேட்கணும்

ஆனி மாதம் முதல் தேதி காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஈஸ்வரமூர்த்தி ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் 'உம்' கொட்டுவதில்லை.

கேட்பதற்குச் சின்னச் சபதம்தான். அந்த வீட்டு நடைமுறை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கனம் புரியும். கல்யாணமாகி இருபது வருஷமாக மனைவி நாச்சம்மாள் பேசுவாள், இவர் உம் கொட்டுவார். எருமை கறக்கவில்லை என்பாள். உம். கூரை ஒழுகுகிறது என்பாள். உம். நடுவில் நைசாக எதையாவது நுழைத்துவிட்டு, "சரித்தானுங்க?" என்பாள். அதற்கும் உம். மறுநாள் வாசலில் புது ஆட்டுரல் வந்து இறங்கும். "நீங்கதானுங்க நேத்து உம்னீங்க" என்பாள். அந்த வீட்டில் அவருடைய கையெழுத்து அதுதான்.

சபதத்துக்குக் காரணம் மகள் கமலம். மலையாளக்கரைச் சித்தூரில் ப்ரீடிகிரி முடித்தவள், எல்லை தாண்டிக் கோயமுத்தூரில் மாமன் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்றாள். காலேஜ் பாரத்தில் அப்பன் கையெழுத்து வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்க வரும் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள்.

"கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொம்பளப் புள்ளைய அனுப்பறதில்ல. அது என்னோட கொள்கை" என்றுவிட்டார் ஈஸ்வரமூர்த்தி.

கொள்கையாவது கத்தரிக்காயாவது. சாயங்காலம் ரேடியோ கேட்டபடி அவரோடு உட்கார்ந்து கடலை உரிக்க அந்த வீட்டில் கமலம் ஒருத்திதான் இருந்தாள். அவள் போய்விட்டால் அவர் கட்சியில் ஆள் இல்லை. மகளை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கொள்கை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

வீட்டில் யாரும் காது கொடுக்காத ஈஸ்வரமூர்த்திக்கு உத்தியோகம் என்னவோ காதில்தான். கருமாண்டிக்களம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். ஊருக்கு மொத்தம் முப்பத்தொரு போன். யார் யாரோடு பேச வேண்டுமானாலும் இவர்தான் கயிற்றை எடுத்துப் பலகையில் சொருக வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒருவர் பேச்சையும் ஒட்டுக் கேட்டதில்லை.

அவசர நிலை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் ஜீப்பில் ஓர் ஆபீசர் வந்தார். எந்த ஆபீஸ் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் இவருக்கு இல்லை. கேட்டதை எழுதிவைக்க மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார்.

"சத்ருக்களுடெ சம்சாரம் மாத்ரம் போரா. மித்ரங்களுடெ சம்சாரமும் கேள்க்கணம்" என்றார். "ராஜ்யங்கள் தம்மிலும் அங்ஙனெயாணு. மித்ர ராஜ்யத்தினெயாணு ஆத்யம் கேள்க்குந்நது."

எதிரி பேசுவதை மட்டும் கேட்டால் போதாது, நண்பன் பேசுவதையும் கேட்க வேண்டும், நாடுகளுக்குள்ளேயும் நட்பு நாட்டைத்தான் முதலில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. எல்லைக்காரரான ஈஸ்வரமூர்த்திக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் ஜீப்பின் புழுதி அடங்கிய பிறகு அவர் காதில் நின்றது தமிழ்ச் சம்சாரம்தான். சர்க்காரே சொல்லிவிட்டது, சம்சாரத்தைக் கேள் என்று. மித்ர ராஜ்யம் எது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. மாமியார் வீடு.

முதலில் முறைப்படி குடிமக்கள் பேச்சைக் கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து குடிமக்கள் போனில் மழையைத் தவிர எதையும் பேசுவதில்லை. மழையைக்கூடத் திட்டவில்லை. நான்கு நாளில் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை.

புதன்கிழமை பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. மளிகைக் கடை மொய்து வீட்டு லைன். மொய்துவின் மனைவி ஐசும்மாவும் நாச்சம்மாளும் நகமும் சதையுமாகப் பழகுகிறவர்கள். போன் பேச நாச்சம்மாள் அங்கேதான் போவாள்.

"எக்ஸ்சேஞ்ச்."

"ஏனுங்க, நான்தானுங்க. எங்கண்ணன் ஊட்டுக்குப் போடுங்க."

"நம்பர் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ஆபீஸ்ல ஒறவு மொறை கெடையாது. நம்பர்."

நம்பர் சொன்னாள். பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் கிடைத்தது. ஈஸ்வரமூர்த்தி கேட்கும் சாவியை மெல்லத் தள்ளினார். அவள் அண்ணன் காளிச்சாமி மோட்டார் பட்டறையைப் பற்றிச் சொன்னார். அம்மா பூவாத்தாளுக்கு முட்டி வீங்கியிருந்தது. சதி எதுவும் வெளிப்படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அத்தைக்கு முட்டி வீக்கம் வத்துச்சாமா?"

வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த நாச்சம்மாளின் கை நின்றது. "நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே. உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"அது... காத்துவாக்குல."

"ஓ. காத்துவாக்குலங்களா."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி அதிகமாக இருந்தது. அதற்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மறுபடி மொய்து வீட்டு விளக்கு எரிந்தது.

அந்தப் பழைய பலகையில் ஒரு சங்கடம் உண்டு. கேட்கும் சாவியைத் தள்ளினால் நெஞ்சில் தொங்கும் பேசும் குழலும் சேர்ந்து திறந்துகொள்ளும். கேட்கிறவர் மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். ஈஸ்வரமூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சாவியைத் தள்ளினார்.

"அண்ணா, அம்மாவும் பக்கத்துல இருக்கறாங்களா? ரெண்டு பேரும் காதுல மட்டும் வாங்குங்க. வாயே தொறக்காதீங்க. நான் பாட்டுக்குச் சொல்லீட்டே வாறேன்" என்றாள் நாச்சம்மாள்.

சரி, சதி வருகிறது என்று ஈஸ்வரமூர்த்தி நோட்டைப் பக்கத்தில் இழுத்தார்.

அவள் குரல் மாறியது. தினமும் சாயங்காலம் அடுப்படியிலிருந்து வருகிற குரல்.

"இந்த எருமை இன்னைக்கும் ஒதைச்சுப் போட்டுதுங்க."

கோயமுத்தூரில் சத்தம் இல்லை. பேச்சு அந்தரத்தில் தொங்கியது.

"கன்னுக்குட்டியப் பாத்தாத்தான் பாவமா இருக்குதுங்க."

யாரும் உம் கொட்டவில்லை. ஈஸ்வரமூர்த்திக்குத் தொண்டையில் என்னவோ ஊர்ந்தது. எச்சிலை விழுங்கினார்.

"தெக்கால செவுத்துல ஓதம் ஏறுதுங்க. மழைக்கு முன்னால பூசோணுமுங்க."

விழுங்கியது மேலே வந்தது. மறுபடி விழுங்கினார்.

"ஐசும்மா அரிசிப் பத்திரி சுட்டுச்சுங்க. உங்களுக்குன்னு நாலு எடுத்து வெச்சிருக்கறனுங்க."

"உம்."

அவர் சொல்லவில்லை. வாய் சொன்னது.

"கமலத்தோட பாரத்துல இன்னைக்கே கையெழுத்துப் போட்டர்லாமுங்க. திங்கக்கெழம நீங்களே கூட்டீட்டுப் போயிச் சேத்தீட்டு வந்தர்லாமுங்க. சரித்தானுங்க?"

"உம்."

உடனே கோயமுத்தூரில் யாரோ பொக்கை வாயால் சிரித்தார்கள். முட்டி வலிக்காரி பூவாத்தாள்தான்.

"ரொம்பச் சந்தோசமுங்க மாப்ள" என்றார் காளிச்சாமி.

"ஞானும் கேட்டேன்" என்றாள் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டிருந்த ஐசும்மா.

ஈஸ்வரமூர்த்தி பதறிப்போய்க் கையில் கிடைத்த கயிற்றையெல்லாம் பிடுங்கினார். ஊரில் சம்பந்தமே இல்லாத ஐந்து பேரின் மழைப் பேச்சு பாதியில் அறுந்தது.

வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் பாரம் இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா. அதற்குப் பக்கத்தில் தட்டில் நாலு பத்திரி.

"நான் உம் சொல்லல" என்றார்.

"அப்ப யாருங்க சொன்னது?"

"லைன்ல ஆயிரஞ் சத்தம் வரும்."

"எங்கண்ணன் கேட்டாரு, எங்கம்மா கேட்டாங்க, ஐசும்மா கேட்டுச்சு. நீங்க இல்லீன்னா அப்பச் சர்க்காருதானுங்க. சர்க்காரே உம்னதுக்கப்பறம் நீங்க வேண்டாம்பீங்களா? இந்தக் காலத்துலயா?"

ஈஸ்வரமூர்த்தி யோசித்துப் பார்த்தார். நானில்லை என்றால் சர்க்காருக்கு எதிராகப் போக வேண்டும். நான்தான் என்றால் மாமியாருக்கு எதிராகப் போக வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் தெம்பு இல்லை.

கமலம் கதவோரம் நின்றிருந்தாள். "சனிக்கெழம சனிக்கெழம வந்தர்றேனுங்கப்பா. கடலைய நீங்களா உரிக்க வேண்டாம், எனக்குன்னு எடுத்து வெய்யுங்க" என்றாள். பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்திரி சூடாக இருப்பதுபோல ஊதிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பத்திரி ஆறி ரொம்ப நேரமாகியிருந்தது.

மகள் பாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈஸ்வரமூர்த்திக்குக் கொஞ்சமாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒட்டுக் கேக்கறது எனக்கென்ன ஆசையா நாச்சி? மேலாபீசர் ஜீப்புல வந்து போட்ட உத்தரவு. யாருகிட்டயும் சொல்லீராத."

"என்ன உத்தரவுங்க?"

"சம்சாரம் கேக்கணும்னு."

நாச்சம்மாள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருவது வருசமா நான் சொல்லீட்டிருக்கறதுதானுங்க. சர்க்காருக்கு இப்பத்தான் வெளங்கியிருக்குது."