கனத்த குரலுக்கு ஒரு மைக்

மைக்கின் வயர் நுனியில் இரண்டே முள். புது ரேடியோ செட்டின் முகத்திலோ எட்டு முள் சாக்கெட். இரண்டையும் எப்படியாவது சனிக்கிழமைக்குள் சேர்த்துவைத்தாக வேண்டும். ஜோதிராஜுக்கு இப்போதே வியர்த்துக் கொட்டியது.

"என்னலே அது, இஸ்திரிப் பெட்டியா?" தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினாள் அக்கா பிரிஸ்கில்லா.

"மைக்குக்கா."

"இம்புட்டுப் பெருசா? பேசுறதுக்கா, எவன் மண்டையிலயாவது போடுறதுக்கா?"

பேகம்பூரில் பழைய சாமான் கடை சிக்கந்தர் பாய் துடைத்துக் கொடுத்த மைக் அது. முட்டை வடிவம், முன்னால் இரும்புப் பட்டைகள், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். "இதுல பேசுனவங்க பூரா பெரிய ஆளுக தம்பி. இருமுனாக்கூட மேடை அதிரும்" என்று பாய் சத்தியம் செய்யாத குறைதான்.

அதிர வேண்டும். அதற்காகத்தான் வாங்கினான்.

ஜோதிராஜ் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். நாற்பதை எட்டிப் பார்க்கிற பிரம்மச்சாரி. குரல் மெலிசு. "கீழ்வரி தெரியுதா?" என்று கேட்டால், வந்தவர்கள் கண்ணை விட்டுவிட்டுக் காதைத்தான் தீட்டுவார்கள். பால்காரரிடம் அரை லிட்டர் கூடக் கேட்டாலும் கெஞ்சுகிற மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சுகம் ரேடியோ. பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன் அவன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னை மரம் வரை ஒரு கம்பி. கீழே மேஜையில் அடக்கமாக ஒரு செட். விடிந்ததும் அந்தக் கம்பியில் தூத்துக்குடி வந்து உட்காரும்.

கிளாரா. அவளும் லைசென்ஸ்காரிதான். அவன் முகம் பார்த்ததில்லை, போன் நம்பர் கேட்டதில்லை. அவள் பேசும்போது பின்னால் எங்கோ கப்பல் ஊதும். கண்ணை மூடிக்கொள்வான். மேட்டுப்பட்டி வீட்டின் சிமென்ட் தரையில் அலை ஏறி வந்து அவன் கால்விரலை நனைத்துவிட்டுப் போகும். ஒரு நாள் நிஜமாகவே ஈரம் தட்டியது. குனிந்து பார்த்தால், அக்கா வீடு கழுவிக்கொண்டிருந்தாள்.

ரேடியோக்காரர்களுக்குள் சார், மேடம் எல்லாம் கிடையாது. சின்னதாக ஒரு பேர், பேசி முடித்ததும் ஒரு 'ஓவர்', அவ்வளவுதான். அவன் ஜோதி, அவள் கிளாரா.

"ஜோதி, பின்னால தையல் மிஷின் சத்தம் கேக்கே! லைனிங் வச்ச ரவிக்கைக்கு எவ்வளவு துணி எடுக்கணும்? ஓவர்."

அவன் அக்காவைக் கேட்டுச் சொன்னான். கல்யாண ரவிக்கைக்குத்தான் கேட்கிறாள் என்று அவனாகவே முடிவு கட்டி, அன்று கடையில் ஒருவருக்குத் தூரப் பார்வைக்குப் பதில் கிட்டப் பார்வைக் கண்ணாடியைத் தள்ளிவிட்டான்.

"எந்நேரமும் ரேடியோ முன்னாலயே இருந்தா வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? ஓவர்."

"திட்டுத்தான் விழுகுது. ஓவர்."

"எல்லா வீட்டுலயும் இதே கததான்" என்று கிளாரா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே அவன் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டான்.

இந்த வாரம் அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வாராங்க. எனக்கு இஷ்டமே இல்ல. யார்ட்டயும் வாய்விட்டுச் சொல்ல முடியல, உங்ககிட்டதான் சொல்லுதேன். நான் என்ன செய்ய, ஜோதி? ஓவர்."

ஜோதிராஜ் "சனிக்கிழம சாயங்காலம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தான். ஒரு பெண் இவ்வளவு தூரம் இறங்கி வந்த பிறகும் ஆம்பிளை சும்மா இருந்தால் அவனெல்லாம் ஒரு மனுசனா? சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் இந்தக் குரலிலா? இந்தக் குரலில் "காலம் பூரா வச்சுக் காப்பாத்துவேன்" என்றால் கண்டக்டரிடம் மிச்சச் சில்லறை கேட்கிற மாதிரி அல்லவா இருக்கும்! செட்டோடு வந்த சின்ன மைக் வேறு, இருந்த கொஞ்சநஞ்ச அடிக்குரலையும் வடிகட்டிவிட்டு மேலோட்டத்தை மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

எனவே பழைய மைக்.

அதில் அழுத்திப் பேசுகிற சுவிட்சே இல்லை. அக்கா கழற்றிப் போட்டிருந்த பழைய தையல் மிஷின் மிதியை எடுத்து அதற்குப் பதிலாகக் கோத்தான். மைக் வயரையும் மிதி வயரையும் அந்த எட்டு முள்ளில் பார்த்துப் பற்றவைத்தான். மிதித்தால் பேசலாம், காலை எடுத்தால் கேட்கலாம். தாடிக்கொம்பில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுகிற மூக்கையாவும் ரேடியோக்காரர். அவரை ரேடியோவில் கூப்பிட்டான்.

"அண்ணே, எப்பிடிக் கேக்குது? ஓவர்."

"கெணத்துக்குள்ள விழுந்துட்டியா அப்பு?"

விஷயம் இதுதான். புது செட் தன்னுடைய மைக்குக்கென்று வயரில் துளி கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பழைய மைக்குக்கு அது ஆகாது. மூக்கையா சொன்னபடி நடுவில் ஒரு கண்டன்சரை வைத்துத் தடுத்தான்.

"இப்பக் கெணத்து மேட்டுக்கு வந்துட்ட. ஆனா தம் பத்தல. ஒரு குட்டி ஆம்ப்ளிபயர வையி."

வைத்தான்.

"தம் வந்துருச்சு. கூடவே ஒரு வண்டும் வந்துருச்சு. ஙொய்ய்ய்னு உசுர வாங்குது. எர்த்து குடுலே."

போர்வெல் குழாயில் கம்பியைச் சுற்றி எர்த் கொடுத்தான். வண்டு செத்தது. ஆனால் மைக்கில் வாயை வைத்ததும் உதட்டில் சுருக்கென்று ஒரு கடி. "ஆத்தீ!"

"அதுல எதுக்குடா ஆத்தீங்கிற? ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரச் சொல்லு, நம்பர."

அக்காவின் லைனிங் துணியை மைக்குக்குச் சுற்றிவிட்டு, நம்பரெல்லாம் எதற்கு, சொல்ல வேண்டியதையே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தான். "நான் உங்கள மனசார விரும்புறேன். நீங்க இல்லாம எனக்குக் காலையில விடியிறதே இல்ல..."

"எலே! யாருக்குச் சொல்ற?" என்று தாடிக்கொம்பு பதறியது.

அதே நேரம் முன்னறையில் பிரிஸ்கில்லாவின் அலறல். "ஏலே ஜோதி! நான் மிதிக்கவே இல்ல, மிஷின் தானா ஓடுதுலே!"

அவன் பேசினால் ஓடியது. நிறுத்தினால் நின்றது. "என்னாச்சுக்கா?" என்று மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டான். கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்துத் தைத்தது. மாடிக் கம்பிக்குப் போக வேண்டிய பேச்செல்லாம் ரேடியோ அலையாகி எர்த் கம்பி வழியே வீடு பூரா திரிந்து, அக்காவின் மோட்டாருக்குள் புகுந்துவிட்டது. அவன் ஓடிப் போய்ப் பார்த்தபோது, ஒரு மணப்பெண்ணின் பட்டு ரவிக்கையில் இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தன.

"இன்னைக்குச் சாயந்தரம் குடுக்கணும்லே, பாவி! அப்பிடி என்னதான் பேசித் தொலைக்கிற அதுல?"

பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

பிரிஸ்கில்லா ரவிக்கையை மடியில் போட்டாள். "நம்ம வேதத்துப் பிள்ளையா?"

"கிளாரான்னு பேருக்கா."

"அட மூதி! இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!" கண்ணைத் துடைத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். "இந்த வீட்டுல இன்னொரு பொம்பளக் கொரல் கேக்க மாட்டமான்னு நான் வேண்டாத நாளில்ல. ஒழுங்காப் பேசுலே. மிஷின் கெடக்குது மிஷின்."

சனிக்கிழமை மத்தியானம் மூக்கையா வண்டியில் வந்து இறங்கினார். பை நிறைய, வயரில் திரிகிற அலையை மறிக்கிற கறுப்பு வளையங்கள். மைக் வயர், மிதி வயர், கரண்ட் வயர், அக்காவின் மோட்டார் வயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வளையத்தில் சுற்றித் தள்ளினார். மைக் கடிக்கவில்லை. மிஷின் கம்மென்று கிடந்தது. ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் ரேடியோவில் கேட்டவர் கூவினார்.

"எலே, நெசமா நீதானா? எந்திரிச்சு நின்னு கேக்கணும் போல இருக்குடா."

சாயங்காலம். மலைக்கோட்டைப் பாறை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தென்னை மரத்துக் கம்பியில் காற்று லேசாக ஊஞ்சலாடியது. ஜோதிராஜ் தலை சீவி, பவுடர் போட்டு, சட்டை மாற்றி, ரேடியோ முன்னால் உட்கார்ந்தான். முகம் தெரியாத இடத்துக்குப் பவுடர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வாசற்படியில் அக்கா ஜெபமாலையோடு நின்றாள். அறைக்குள் மெதுவாகக் கடல் ஏறி வந்தது.

மிதியை மிதித்தான். தன் நிலையத்தின் அடையாளப் பேரான கால்சைனைச் சொன்னான். ஹெட்போனில் திரும்பி வந்த குரலைக் கேட்டு அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. கோயில் மணியின் அடி நாதம் போல் அப்படியொரு குரல் தன் தொண்டையில் இத்தனை வருசம் எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று புரியவில்லை.

"கிளாரா, நாளைக்கு வாரவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க. நான் வாரேன். உங்கள எனக்கு அம்புட்டுப் பிடிக்கும். காலம் பூரா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிருவேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். ஓவர்."

காலை எடுத்தான். இரைச்சல். எங்கோ தூரத்தில் கப்பல் ஊதியது. அக்கா ஜெபமாலையை உருட்டினாள். கடைசியில் கிளாரா பேசினாள்.

"ஏங்க, இப்படிப் பேச உங்களுக்கு வெக்கமா இல்ல? லைசென்ஸ் இல்லாத ஆளு செட்டத் தொடுறதே தப்பு, இதுல இந்தப் பேச்சு வேறயா! உங்க பொண்டாட்டி ஜோதி எனக்குக் கூடப் பொறந்த அக்கா மாதிரி. மரியாதயா மைக்க அவ கையில குடுங்க. ஓவர்!"