கைமாறிய கேக்

மேலாளருக்குப் பதவி உயர்வு. அதற்கான தண்டனையாக, நான்கு விரல் உயரத்தில் ஒரு கேக் துண்டு தபால் பிரிவு எழுத்தரின் மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

வேட்பாளர் எதிர்வேட்பாளரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் எழுத்தர் அதைப் பார்த்துச் சிரித்தார். எடை குறைப்புச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம். இன்று மாலை கடைசிப் பரிசோதனை. எடை முள் நகராமலிருந்தால், புதிதாகச் சேர்பவர்கள்முன் பேச அவரைத்தான் நிறுத்துவார்கள். குறைத்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர். குறைத்ததைக் கட்டிக் காத்தவன் என்று மேடையேறுவது அவருடைய தீராத ஆசை.

'தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளாதே' என்பது சிகிச்சையின் முதல் பாடம். வந்ததை வந்த வேகத்தில் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவதே இரண்டு வருடமாக அவர் கண்ட வழி.

"கேக் எடுத்துக்கோங்க சார்" என்று கேஷியரிடம் நீட்டினார்.

"தங்கமான மனசு சார் உங்களுக்கு. கொடுங்க, இன்னையோட சரி" என்று வாங்கிக்கொண்ட கேஷியர், நன்றிக்கடனாக ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார்.

பிஸ்கட் டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனது.

"எங்க வீட்டுக்காரருக்குக்கூட இப்படித் தோணாது சார்" என்று நெகிழ்ந்தவர், கைப்பையிலிருந்து பெரிய சாக்லேட்டை எடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோனா நானே முழுங்கிடுவேன். நீங்க வெச்சுக்கோங்க."

எழுத்தர் சாக்லேட்டை மேலாளரிடம் கொடுத்து வாழ்த்தினார். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகச் சந்தோஷப்படுற ஒரே ஜீவன் நீங்கதான்யா" என்று மீதி கேக்கைப் பெட்டியோடு அவர் கையில் திணித்தார்.

வேலை முடிந்து படியிறங்கும்போது எழுத்தர் பெட்டியைத் திறந்தார். வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு வருடத் தவம் ஒரு விரல் க்ரீமில் கலைய இருந்தது. படாரென்று மூடி, வாசல் காவலாளியின் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வழக்கம்போல் நடந்தே மருத்துவமனைக்குப் போனார்.

முள் இம்மியும் நகரவில்லை.

"பதினெட்டு கிலோ குறைச்சீங்க. ஒரு கிராம்கூடத் திரும்பி வரலை" என்று டாக்டர் கைகுலுக்கினார். "வாங்க, புதுசா சேர்ந்தவங்க காத்திட்டிருக்காங்க."

எழுத்தர் நெஞ்சை நிமிர்த்திக் கூடத்தில் நுழைந்தார். முன்வரிசையில் கேஷியர், டைப்பிஸ்ட் அம்மா, மேலாளர். காரில் வந்து அவரை முந்தியிருந்தார்கள். மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவர் கைகூப்பினார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் மெல்லச் சொன்னார்: "எல்லாம் என்னாலதாம்மா வந்திருக்காங்க."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க சார். ரெண்டு வருஷத்துல ஆளுக்கு ஆறு கிலோ ஏறியிருக்கு" என்றாள் நர்ஸ். "நீங்க குறைச்ச பதினெட்டும் எங்கயும் போகலை, பத்திரமா முன்வரிசையில இருக்கு."